'ஆமா' போட ஆள் வேணும்

மைசூருக்குக் குடி வந்த முதல் வருஷம் தசரா ஊர்வலத்தை வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்த்தோம். அடுத்த வருஷம்தான் துணிந்து சயாஜி ராவ் ரோட்டுக்குப் போனோம். என் தோளில் பொண்ணு, தங்கமணி கையில் புளிசாதம். கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். யானை பார்க்கப் போனேன். ஆனால் மனசில் தங்கினது யானை இல்லை, அதற்கு ரொம்ப முன்னாலேயே போன வீரகாசெ ஆட்டக்காரர்கள்.

தலையில் வெள்ளைக் குஞ்சம் தொங்கும் கிரீடம், கழுத்து நிறைய ருத்ராட்சம், காவி உடை, கையில் கத்தி. வீரபத்திரனின் கதையைச் சொல்லும் ஆட்டம் இது. மேளம் ஓங்கி அடிக்க, எல்லாரும் குதித்து ஆடிக்கொண்டே வருகிறார்கள். திடீரென்று மேளம் நிற்கிறது. ஒருத்தர் மட்டும் முன்னால் வந்து கத்தியைத் தூக்கிப் பிடித்து, மூச்சே விடாமல் கடகடவென்று என்னமோ சொல்கிறார். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. முடிக்கிற இடத்தில் மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து ஓங்கிக் குரல் கொடுக்கிறார்கள். உடனே மேளம் மறுபடி. எனக்கு முதுகுத்தண்டில் ஜிவ்வென்றது. என் கன்னடம் அப்போது காய்கறிக் கடைக்கு மட்டும் போதுமான கன்னடம், ஒரு வார்த்தை புரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைப் பிறகு கேட்டேன். "அது ஒடபு சார், வீரபத்திரனோட புகழைச் சொல்றது. மேளத்தை நிறுத்திட்டு ஒடபு சொல்லலேன்னா அது வீரகாசெயே இல்லை" என்றார்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஓமன் ஞாபகம் வந்தது. மைசூருக்கு வருவதற்கு முன்னால் நாலு வருஷம் (2006 முதல் 2010 வரை) நிஸ்வாவில் வேலை பார்த்தேன். பெருநாள் அன்று ஊருக்கு நடுவில் இருக்கும் பொட்டலில் ஆண்கள் எல்லாரும் கூடுவார்கள். தாத்தாவிலிருந்து பத்து வயசுப் பையன் வரை ஒரே வெள்ளை திஷ்தாஷா, இடுப்பில் கஞ்சர். ஒரு கவிஞர் கையில் வாளோடு முன்னால் நடந்துகொண்டே அடி அடியாகச் சொல்வார். நடுநடுவே வாளை ஓர் ஆட்டு ஆட்டுவார். பின்னால் வரும் கூட்டம் பதில் குரல் கொடுக்கும். இதற்குப் பெயர் அல் ஆஸி. தன் குலத்தின் பெருமை, பெரியவர்களின் புகழ், பழைய சம்பவங்கள், இதுதான் சரக்கு. என்னோடு வேலை பார்த்த ஓமானி நண்பர், "எங்க குலப்பேர் எங்க பேருக்குப் பின்னாலயே வரும். இங்க வந்து நின்னாதான் அந்தப் பேருக்கு அர்த்தம் தெரியும்" என்றார்.

2012-ல் யுனெஸ்கோ ஓமனின் ஆஸியைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2017-ல் பக்கத்து எமிரேட்ஸின் ஆஸியையும் சேர்த்தது. ஆனால் அது அவசரமாகக் காப்பாற்ற வேண்டியவை என்கிற பட்டியலில். எமிரேட்ஸ் ஆஸிக்கு வாத்தியமே கிடையாது. சொல்பவர் ஒருத்தர், வரிசையாக நின்று திருப்பிச் சொல்பவர்கள், கேட்பவர்கள், அவ்வளவுதான். பாலைவனத்திலிருந்து ஜனங்கள் நகரத்துக்குப் போய்விட்டால் இந்த வரிசை கலைந்துவிடும். பாட்டைப் பதிவு செய்து வைக்கலாம். பதில் சொல்கிற ஐம்பது பேரை எந்த சிடியில் பதிவு செய்வது?

சரி, மைசூருக்குத் திரும்புவோம். இங்கே கடவுளுக்கு மட்டுமில்லை, ராஜாவுக்கும் ஒடபு மாதிரி ஒன்று உண்டு. நவராத்திரியில் அரண்மனைக்குள் தனி தர்பார் நடக்கும். 2015-ல் பட்டமேற்ற யதுவீர் உடையார் தங்கச் சிம்மாசனத்தில் ஏறும்போது கட்டியக்காரர்கள் 'பஹுபராக்' சொல்வார்கள். நம்ம ஊர் சரித்திரப் படங்களில் வரும் 'பராக்'தான் :-) மைசூர் மன்னர்களின் பழைய பட்டங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது 'பிருதெந்தெம்பர கண்ட'. அதாவது, "எனக்கு இன்னின்ன பட்டம் இருக்கு என்று சொல்லிக்கொண்டு வருகிறவன் எவனோ, அவனுக்கெல்லாம் நான் ஆம்பளை" என்கிற மாதிரி அர்த்தம். பீற்றிக்கொள்கிறவர்களையே அடக்கும் பீற்றல்! வேறு யாருக்கு வரும் இந்த யோசனை?

1971-ல் மன்னர் மானியம் போனது. இன்றைக்கு விஜயதசமி ஊர்வலத்தில் 750 கிலோ அம்பாரியில் ராஜா உட்காருவதில்லை, சாமுண்டேஸ்வரி உட்கார்ந்திருக்கிறாள். ராஜாவின் இடத்தில் அம்மன். வீரபத்திரன் கதையும் யோசித்துப் பார்த்தால் இதுதான். மாப்பிள்ளையைக் கூப்பிடாமல் யாகம் நடத்திய தட்சனின் திமிரை அடக்கப் பிறந்தவன் அவன். தட்சனுக்குக் கடைசியில் மிஞ்சியது ஆட்டுத் தலை. பெருமை பேசும் ஆட்டத்தின் நடுவில் ஒரு தலைக்கனக்காரனின் தலை உருள்கிறது. கன்னடக்காரர்கள் விவரமானவர்கள்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் பொண்ணு. தோளில் உட்கார்ந்து தசரா பார்த்தவள் இப்போது ஏழாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் 'உங்கள் வீட்டின் கலை' என்று மூணு நிமிஷம் எதையாவது செய்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அவள் வகுப்பில் ஒரு குடகுப் பையன். குடகர்களுக்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வீட்டுப்பெயர் உண்டு, ஒக்க என்பார்கள். கல்யாணத்திலும் விழாவிலும் நாலு ஆண்கள் துடி அடித்துக்கொண்டே நாட்டையும் ஒக்கத்தையும் வாழ்த்திப் பாடுவார்கள். நடிகேரியண்ட சின்னப்பா என்கிறவர் இந்தப் பாட்டுகளையெல்லாம் தேடித் திரட்டி 1924-லேயே 'பட்டோலெ பளமெ' என்று புத்தகமாகப் போட்டுவிட்டார். அந்தப் பையன் தாத்தாவின் துடியைக் கொண்டு வரப்போகிறானாம். என் பொண்ணு சாயங்காலம் வந்து கேட்டாள்: "அப்பா, நம்ம குடும்பத்துக்கு என்ன பாட்டு?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. காரணம், பாட்டு இல்லாதது இல்லை. எங்கள் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். அங்கே குலப்பெருமைப் பாட்டுக்குக் குறைவே இல்லை. குருபூஜை, மாநாடு, கல்யாண வீட்டு ரேடியோ செட், வேன் மேலே கட்டின ஸ்பீக்கர் என்று ஒவ்வொரு சாதிக்கும் ஒரு பாட்டு இருக்கிறது. நாங்கதான் ஆண்டோம், நாங்கதான் வெட்டுவோம். சின்ன வயசில் அந்தத் தாளம் எனக்கும் பிடித்திருந்தது. எந்தத் தெருவில் வேன் வேகத்தைக் குறைக்கும், எதற்காகக் குறைக்கும் என்பது பெரியவனான பிறகுதான் புரிந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படிக்கிற பையன்களே ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் கலர் கலராகச் சாதிக் கயிறு கட்டுவதைத் தடை செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. பள்ளிக்கூடப் பையன் கையில் கயிறு! அந்தப் பாட்டையா என் பொண்ணுக்குச் சொல்லிக் கொடுப்பேன்?

அரபுக்காரர்களிடமும் இந்த வியாதி உண்டு, நமக்கு மட்டும் சொந்தமில்லை. உமய்யா காலத்தில் ஜரீர், ஃபரஸ்தக் என்று இரண்டு பெரும் புலவர்கள் வருஷக்கணக்கில் ஒருத்தர் குலத்தை ஒருத்தர் கிழித்துப் பாடினார்கள். ஜரீர் நுமைர் என்ற குலத்தை வைத்துப் பாடின வசையில், அந்தக் குலத்தார் தங்கள் பெயரைச் சொல்லவே கூசி வேறு பெயர் சொன்னார்கள் என்று கதை. புகழும் வசையும் ஒரே கடைச் சரக்கு.

நம்முடைய பழைய புலவர்களும் புகழ் பாடித்தான் பிழைத்தார்கள். பாடாண் திணை என்று தனியாகவே வைத்திருந்தார்கள். வீரன் தன் பெருமையைத் தானே சொல்லிக்கொள்வதற்கு நெடுமொழி என்று ஒரு துறை. ஆனால் அதே கூட்டத்தில்தான் கோவூர் கிழாரும் இருந்தார். நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும், இரண்டு பேருமே சோழர்கள், ஒருத்தன் கோட்டையை ஒருத்தன் முற்றுகை போட்டு நிற்கிறான். இவர் நடுவில் போய் நின்று, நீ சூடியிருப்பதும் ஆத்தி, அவன் சூடியிருப்பதும் ஆத்தி, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதானே என்கிறார் (புறநானூறு 45). குலப்பெருமையை வைத்தே சண்டையை நிறுத்தப் பார்த்த ஆள். வேன் ஸ்பீக்கரிடம் இப்படி யாராவது போய்ப் பேச முடியுமா? அது பதில் கேட்காதே.

தங்கமணிதான் வழி சொன்னாள். "ஏங்க, உங்க ஊர் கொடையில விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்டேன்னு பீத்துவீங்களே, அது என்னாச்சு?"

அட! வில்லு, குடம், உடுக்கு, ஜால்ரா. நடுவில் உட்கார்ந்து புலவர் பாட, பக்கப்பாட்டுக்காரர் ஒவ்வொரு வரிக்கும் 'ஆமா' போடுவார். அந்த 'ஆமா' இல்லையென்றால் பாட்டு நொண்டும். நிஸ்வாவில் பொட்டலில் கேட்ட பதில் குரலும் சயாஜி ராவ் ரோட்டில் கேட்ட பதில் குரலும் நம்ம ஊரில் இந்த 'ஆமா'தான்.

எங்கள் பக்கத்து வில்லுப்பாட்டுக் கதைகளில் முக்கியமானது முத்துப்பட்டன் கதை. பிராமணப் பையன். பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியர் வீட்டு அக்கா தங்கைகள் மேல் ஆசைப்படுகிறான். பெண்களின் அப்பா சும்மா கொடுத்துவிடவில்லை. பூணூலை அறு, குடுமியை எடு, செருப்புத் தை, அப்புறம் பார்க்கலாம் என்கிறார். செய்கிறான். கடைசியில் மாமனாரின் மாடுகளைக் கள்ளர்களிடமிருந்து மீட்கப் போய்ச் சாகிறான். பாபநாசத்துக்கு மேலே காட்டுக்குள் சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவன் பட்டவராயனாக நிற்கிறான். காணிக்கை என்ன தெரியுமா? தோல் செருப்பு. நா. வானமாமலை இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்திருக்கிறார். சில பாடங்களில் அந்தப் பெண்களே பிறப்பால் பிராமணப் பெண்கள்தான் என்று ஒரு திருப்பத்தை ஒட்டவைத்திருப்பார்கள். விடமாட்டார்களே! எங்கள் வீட்டில் அந்த ஒட்டு இல்லாத கதைதான் ஓடும் என்று முடிவு செய்தோம்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அம்மா கதையை ஆரம்பித்தார்கள். நாலு வரி போனதும் நிறுத்தி, "ஏட்டி, ஆமா போடு. இல்லேன்னா ஆச்சிக்குக் கத வராது" என்றார்கள். என் பொண்ணு நல்ல சத்தமாக "ஹௌது!" என்றாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "என்னட்டி சொல்லுத?" "கன்னடத்துல ஆமா, ஆச்சி." "சரி, அதையே போடு" என்று கதை நகர்ந்தது.

மூணு நிமிஷத்துக்குள் செருப்புத் தைக்கிற இடம் வரைதான் போக முடியும் போலிருக்கிறது. 'ஹௌது' போட வகுப்பில் நாலு பேரைச் சேர்த்துவிட்டாள், அதில் துடி கொண்டு வருகிற பையனும் ஒருத்தன். குடத்துக்கு வீட்டில் பானை இருக்கிறது. உடுக்குதான் இல்லை. தேவராஜா மார்க்கெட் பக்கம் கிடைக்கும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். சனிக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.