கம்பளித் துணியும் கரியமில வாயுவும்

 

நாம் ஓதிக்கொடுக்கும் மதரஸாவில், ஷாஃபிஈ மத்ஹபின் சட்டங்களில் அமானிதப் பொருள் பற்றிய பாடம் ஆண்டுதோறும் வரும். பிறர் நம்பி ஒப்படைத்த பொருள் நம் தவறு ஏதுமின்றி அழிந்துபோனால், அதற்கு ஈடு கொடுக்கும் பொறுப்பு நம்மீது இல்லை. நம் கவனக்குறைவால் அழிந்தாலோ ஈடு கொடுப்பது கடமையாகிவிடும். எது கவனக்குறைவு என்பதற்கு நம் இமாம்கள் ஓர் எளிய எடுத்துக்காட்டைக் கூறியுள்ளனர். ஒருவர் கம்பளித் துணியை நம்மிடம் ஒப்படைத்துச் செல்கிறார். அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினால் மட்டும் போதாது. அவ்வப்போது வெளியே எடுத்துக் காற்றாட விரிக்க வேண்டும். அவ்வாறு செய்யாமல் பூச்சி அரித்துவிட்டால், "பூட்டு பூட்டியபடியே இருந்தது" என்று சொல்லித் தப்ப இயலாது.

சென்ற ஆண்டு ஒரு நாள் அஸருக்குப் பின் இப்பாடத்தை நடத்திக்கொண்டிருந்தோம். சிறுவயதில் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார். இப்பொழுது நிலவியல் பயிலும் அவர், பின்வரிசையில் சிறுவர்களோடு வந்து அமர்ந்துகொண்டார். பாடம் முடிந்ததும் அருகில் வந்து, "உஸ்தாத், நான் படிப்பதும் இதே பாடத்தைத்தான். துணிக்குப் பதிலாகக் கரியமில வாயு, பெட்டிக்குப் பதிலாகப் பூமி. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். அவர் விளையாட்டாகக் கூறுகிறார் என்றே முதலில் எண்ணினோம். மஃரிப் பாங்கு சொல்லும் வரை அவர் விளக்கியவற்றைக் கேட்ட பிறகு, அந்த எண்ணம் மாறிவிட்டது.

ஆலைகளிலும் எரிவாயுக் கிணறுகளிலும் வெளிப்படும் கரியமில வாயு, காற்றில் கலந்து பூமியைச் சூடாக்குகிறது. அதை வெளியேறும் இடத்திலேயே பிரித்தெடுத்து, அழுத்தி, நிலத்தினுள் ஆழமாகச் செலுத்திவிட்டால் என்ன என்பது அறிஞர்கள் பல்லாண்டுகளாக ஆய்ந்துவரும் வழி. சுமார் 800 மீட்டருக்குக் கீழே உள்ள அழுத்தத்திலும் வெப்பத்திலும் அவ்வாயு நீர்மம் போல் அடர்ந்துவிடுகிறது. மணற்கல் போன்ற பாறைகளின் நுண்துளைகளில் அது தங்கும். ஆயினும் அங்குள்ள உப்புநீரைவிட அது இலேசானது. எனவே மேல்நோக்கி எழவே முயலும். அதைத் தடுத்து நிறுத்துவது, மேலே மூடியாக அமைந்திருக்கும் களிமண் பாறை. காலப்போக்கில் வாயுவின் ஒரு பகுதி துளைகளிலேயே சிக்கிக்கொள்ளும். ஒரு பகுதி நீரில் கரையும். ஒரு பகுதி பாறையோடு சேர்ந்து கல்லாகவே மாறிவிடும். அதுவரை காவல் அந்த மூடிதான்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. நார்வே நாடு 1991இல் கரியமில வாயுவுக்கு வரி விதித்தது. அதன்பின் வடகடலிலுள்ள ஸ்லைப்னர் எரிவாயு வயலில், 1996 முதல் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 இலட்சம் டன் வரை கடலடி மணற்பாறைக்குள் செலுத்திவந்தனர். செலுத்தியதோடு நின்றுவிடவில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒலியலைகளை அனுப்பி, வாயு எதுவரை பரவியிருக்கிறது என்று படம் எடுத்துப் பார்க்கின்றனர். துணியை எடுத்துக் காற்றாட விரிப்பதுதான் இது என்றார் நம் மாணவர்.

அவர் அடுத்துக் கூறிய ஊரின் பெயர் நம்மை நிமிர்ந்து உட்காரச் செய்தது. அல்ஜீரியாவின் ஸஹாராப் பாலைவனத்தில் உள்ள அவ்வூர், வரைபடங்களில் இன் ஸாலா என்று காணப்படும். அரபியில் அது ஐன் ஸாலிஹ். ஐன் என்றால் ஊற்று. கண் என்றும் பொருள். நல்ல ஊற்று, நல்ல கண். அவ்வூரின் பெயரைத் தாங்கிய எரிவாயுத் திட்டத்தில் 2004 முதல் 2011 வரை சுமார் 38 இலட்சம் டன் கரியமில வாயுவை நிலத்தினுள் செலுத்தினர். ஏறத்தாழ 1,900 மீட்டர் ஆழத்தில் மெல்லியதொரு மணற்கல் அடுக்கு. அதன்மேல் நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமனுள்ள களிமண் பாறை. பார்ப்பவர் எவரும் உறுதியான பெட்டி என்றே சொல்வர்.

ஆனால் விண்ணிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த செயற்கைக்கோள்கள் வேறொன்றைக் காட்டின. வாயுவைச் செலுத்திய கிணறுகளுக்கு மேலே, பாலை நிலம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவில் உயர்ந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் அவ்வுயர்வு இரு மேடுகளாகப் பிரிந்து தென்பட்டது. கீழே பாறையில் விரிசல் திறந்திருக்கக்கூடும் என்பதற்கு அது அடையாளம். முன்பு தோண்டி விட்டுவைத்திருந்த பழைய கிணறு ஒன்றின் வழியே சிறிதளவு வாயு மேலேறி வந்ததும் கண்டறியப்பட்டு, அக்கிணறு அடைக்கப்பட்டது. மூடிப் பாறையின் உறுதி குறித்து ஐயம் வலுத்தபோது, 2011இல் செலுத்துவதையே நிறுத்திவிட்டனர். ஊர் எதுவும் அழியவில்லை. உயிர் எதுவும் போகவில்லை. பார்த்துக்கொண்டிருந்த கண் ஒன்று இருந்ததால், உரிய நேரத்தில் கையை எடுத்துக்கொண்டனர்.

நிலத்தடியில் உள்ள அபாயங்கள் எவையென்று கேட்டோம். முதலாவது, நாம் தோண்டி மறந்துவிட்ட பழைய கிணறுகள். இரண்டாவது, அழுத்தம். ஏற்கெனவே இறுகி நிற்கும் நிலப்பிளவுகளில் அழுத்தம் கூடினால், அவை நழுவி நிலநடுக்கம் உண்டாகலாம். அது சிறியதாக இருந்தாலும், மூடிப் பாறையின் காப்பைக் கெடுக்கப் போதுமானதாகலாம் என்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அறிஞர்களான ஸோபக், கோரெலிக் இருவரும் 2012இல் எச்சரித்துள்ளனர். மூன்றாவது, வாயு கசிந்து குடிநீர் அடுக்கை அடைந்தால் நீரின் தன்மை மாறிவிடும்.

இவ்வாயுவை இலேசாக எண்ண முடியாது என்பதற்குக் கேமரூன் நாட்டின் நியோஸ் ஏரியை அவர் நினைவூட்டினார். 1986 ஆகஸ்ட் 21 அன்று இரவு, எரிமலைவாயில் அமைந்த அவ்வேரியின் அடியில் தேங்கியிருந்த கரியமில வாயு திடீரெனப் பொங்கியது. காற்றைவிடக் கனமான அது பள்ளத்தாக்குகளில் படர்ந்து இறங்க, சுமார் 1,700 பேர் மூச்சுத் திணறி மாண்டனர். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். அது இயற்கையாக நேர்ந்தது. மனிதர் செலுத்திய வாயுவன்று. ஆழப் பாறையின் துளைகளில் உள்ள வாயு ஏரியில் தேங்கியது போல் ஒரே வீச்சில் வெளியேறாது என்பதையும் அவர் தெளிவுபடுத்தினார். ஆயினும் எதைப் புதைக்கிறோம் என்பதை அறிந்து புதைக்க வேண்டும் அல்லவா?

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. காரணம் அல்ஜீரியா அன்று. நம் வீட்டு மூலையில் கிடந்த ஒரு டிரங்குப் பெட்டி.

பல ஆண்டுகளுக்கு முன், அண்டை வீட்டுக்காரர் ஒருவர் வளைகுடாவுக்குப் புறப்பட்டபோது தம் வீட்டுப் பத்திரத்தை நம்மிடம் ஒப்படைத்துச் சென்றார். அதைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். சாவியைத் தொழுகைத் தொப்பி வைக்கும் மாடத்தில் பத்திரப்படுத்தினோம். சாவி இருக்கிறதா என்று அடிக்கடி பார்த்தோமே தவிர, ஒன்பது ஆண்டுகளில் ஒருமுறையேனும் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. அவர் திரும்பி வந்து, மகளின் நிகாஹ் செலவுக்காக வீட்டை அடகு வைக்க வேண்டும் என்று பத்திரத்தைக் கேட்டார். திறந்தால் கரையான் மண். பெட்டியின் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டையாகி, தரையிலிருந்து கரையான் ஏறியிருந்தது. மேலே பூட்டு பளபளவென்று இருந்தது.

சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் எடுத்தோம். அலைச்சலும் செலவும் நம்முடையவை. மூலப் பத்திரம் இன்றிக் கடன் கிடைக்கத் தாமதமாகி, அப்பெண்ணின் திருமணம் பல மாதங்கள் தள்ளிப்போனது. அவர் நம்மை மன்னித்துவிட்டார். நாம்தான், கம்பளித் துணிச் சட்டத்தை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துக்கொண்டே, நம் வீட்டில் அதை மறந்திருந்தோம்.

ஆகவே, மாணவர் கூறிய அந்தத் திட்டங்களைப் பற்றி நம் மனத்தில் எழும் கேள்வி ஒன்றுதான். வாயுவைப் புதைக்கலாமா கூடாதா என்பதைத் துறை அறிந்தோர் முடிவு செய்யட்டும். புதைத்த பின் பெட்டியைத் திறந்து பார்ப்பவர் யார்? எத்தனை காலத்துக்கு? ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் இயற்றிய சட்டம், கிணறுகளை மூடிய பிறகும் பொதுவாகக் குறைந்தது 20 ஆண்டுகள் நிறுவனமே பொறுப்பேற்க வேண்டும் என்கிறது. வாயு முழுமையாக, நிலையாக அடங்கியிருக்கிறது என்று உறுதியான பின்னரே அரசின் கைக்குப் பொறுப்பு மாறும். நன்று. ஆனால் அவ்வாயு நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் உள்ளேயே இருந்தாக வேண்டும். அதை ஒப்படைப்பவர்கள் நாம். காவல் காக்கப்போகிறவர்களோ இன்னும் பிறக்காத பிள்ளைகள். ஏற்கிறீர்களா என்று அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. கேட்காமல் சுமத்தும் அமானிதத்தை, இயன்றவரை சுமை குறைந்ததாக ஒப்படைப்பது நம் கடமை.

ஐஸ்லாந்தில் வாயுவை நீரில் கரைத்து எரிமலைப் பாறையில் செலுத்திப் பார்த்த ஆய்வில், இரண்டே ஆண்டுகளுக்குள் 95 விழுக்காட்டுக்கு மேல் கல்லாக மாறிவிட்டதாம். அத்தகைய செய்திகள் ஆறுதல் தருகின்றன. கல்லாகிவிட்ட பொருளுக்குப் பூட்டு வேண்டாம். அதைவிடச் சுமை குறைந்த வழி, புதைக்க வேண்டிய அளவையே குறைத்துக்கொள்வது. அது நம் வீட்டு அடுப்பிலும் விளக்கிலும் வாகனத்திலும் தொடங்குகிறது.

நம் வீட்டில் இப்பொழுது மரப்பலகையின் மேல் வேறொரு பெட்டி இருக்கிறது. ஒவ்வொரு ஷஅபான் மாதமும் பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு அதைத் திறக்கிறோம். பிறர் ஒப்படைத்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து விரித்துப் பார்த்து, மீண்டும் மடித்து வைக்கிறோம். உங்கள் வீட்டிலும் அப்படியொரு பெட்டி இருக்குமானால், இன்றே திறந்து பாருங்கள்.

ஒப்படைக்கப்பட்டவற்றைப் பூட்டி வைப்பவர்களாக மட்டுமன்றி, பேணிக் காப்பவர்களாகவும் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.