கொல்லிமலை போறீங்களா? அருவி எங்கே இருக்குன்னு தெரியும், ஆஸ்பத்திரி எங்கே இருக்குன்னு தெரியுமா?



லீவு ஆரம்பிச்சாச்சு. "டாக்டர், கொல்லிமலை போறோம். அப்பாவுக்கு பிபி, அம்மாவுக்கு சுகர். கூட்டிட்டுப் போலாமா?" என்று இன்பாக்ஸில் மெசேஜ் வரத் தொடங்கிவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போடுவதற்குப் பதில் ஒரு த்ரெட்டாகவே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். கிளம்புவதற்கு முன்னால் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

அந்த மலைக்குக் கீழே சமவெளியில் ஒரு அரசு மருத்துவமனையில் சில வருடம் வேலை பார்த்தவன் நான். லீவு நாளில் மலைக்கு ஏறிப் போயிருக்கிறேன். டியூட்டி நாளில் மலையிலிருந்து இறங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் சேர்ந்ததுதான் இந்தப் பதிவு.

1. அங்கே என்ன இருக்கு?

நாமக்கல் மாவட்டம், கிழக்குத் தொடர்ச்சி மலை. மேலே 1,000 மீட்டருக்கு மேல் உயரம். சங்க காலத்து வல்வில் ஓரியின் மலை. செம்மேட்டில் அவருக்குச் சிலை உண்டு, ஆடி 17, 18-ல் அரசே விழா எடுக்கும். அறப்பளீஸ்வரர் கோயில், அதன் பக்கத்திலிருந்து படி இறங்கினால் ஆகாய கங்கை, இன்னொரு பக்கம் மாசிலா அருவி, எட்டுக்கை அம்மன் கோயில், வாசலூர்பட்டி படகு இல்லம், சீக்குப்பாறை காட்சி முனை. சோளக்காடு சந்தையில் பலா, அன்னாசி, மலை வாழை, மிளகு.

நிச்சயம் போக வேண்டிய இடம். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

"மலை உயரத்துல ஆக்சிஜன் குறையாதா சார்?" என்று கேட்பவர்களுக்கு: உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் ஆரம்பிக்கும். கொல்லிமலைக்கு அந்தப் பயம் வேண்டாம். இங்கே பார்க்க வேண்டியது வேறு இரண்டு விஷயம். ஒன்று வளைவு, இன்னொன்று படி.

2. எழுபது வளைவு

காரவள்ளியிலிருந்து ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி குடும்பத்துக்கு முப்பதாவது வளைவுக்குள் வாந்தி வந்துவிடும்.

ஏன் வருகிறது? கண் ஒன்றைச் சொல்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வேறொன்றைச் சொல்கிறது. மூளைக்குக் குழப்பம். அதனால்தான் ஸ்டியரிங் பிடித்தவருக்கு அநேகமாக வாந்தி வராது, பின் சீட்டில் செல்போன் பார்க்கிற பிள்ளைக்கு முதலில் வரும்.

செல்போனை வாங்கி வையுங்கள். ஜன்னலைத் திறந்து தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏறுவதற்கு முன் அடிவாரத்தில் ஃபுல் கட்டு கட்டாமல் இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். அடிக்கடி வாந்தி வருகிறவர்கள் டாக்டரிடம் கேட்டு அவோமின் போன்ற மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி ஆரம்பித்த பிறகு போட்டால் அதுவும் வெளியே வந்துவிடும். ரொம்ப முக்கியம்: வண்டி ஓட்டுகிறவர் அந்த மாத்திரையைப் போடவே கூடாது. தூக்கம் வரும்.

இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். ஏறின அதே கியரில் இறங்கணும் என்று பழைய டிரைவர்கள் சொல்வது சத்தியமான வார்த்தை. விடாமல் பிரேக் மிதித்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். கருகின வாசனை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆற விடுங்கள். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள்.

3. ஆயிரம் படி

ஆகாய கங்கை சுமார் 300 அடி உயர அருவி. அதைப் பார்க்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். கணக்குப் போடுவோமா? ஒரு படி 15 சென்டிமீட்டர் என்று வைத்தாலே ஆயிரம் படிக்கு 150 மீட்டர். ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்றால் 50 மாடி!

ஆபரேஷனுக்கு முன்னால் நாங்கள் நோயாளியிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நிக்காம ரெண்டு மாடி ஏறுவீங்களா?" அதற்கே தயங்குகிறவர்களின் இதயத்தைக் கூடுதலாகப் பரிசோதித்துவிட்டுத்தான் அனுப்புவோம். இங்கே ஏற வேண்டியது 50 மாடி. அதுவும் குளித்து முடித்து, ஈரத் துணியோடு, பசியோடு.

சிக்கல் என்னவென்றால், மற்ற மலைகளில் முதலில் ஏறுவோம். முடியவில்லை என்றால் பாதியில் திரும்பி இறங்கிவிடலாம். இங்கே முதலில் இறக்கம். எல்லோரும் சிரித்துக்கொண்டே இறங்கிவிடுவார்கள். உடம்பு முடியாது என்று சொல்லும் இடம் திரும்பி வரும் வழியில்தான் வரும். அங்கே கார் வராது, ஸ்ட்ரெச்சர் வந்தால் நான்கு பேர் தோளில்தான் வரணும்.

அதனால் படி வேண்டாம் என்று நான் சொல்வது இவர்களுக்கு: போன ஆறு மாதத்தில் மாரடைப்பு வந்தவர்கள் அல்லது ஸ்டென்ட் வைத்தவர்கள் (தங்கள் இதய மருத்துவர் சம்மதிக்கும் வரை), நடந்தால் நெஞ்சு இறுக்கம் வருகிறவர்கள், கட்டுப்பாட்டில் இல்லாத பிபி உள்ளவர்கள், கர்ப்பிணிகள், முட்டி தேய்மானம் உள்ளவர்கள். சுகர் மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் சாப்பிடாமல் இறங்காதீர்கள். பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும்.

அப்பா அம்மா மேலே கோயிலில் உட்காரட்டும். அவர்களுக்கு மாசிலா அருவி, படகு இல்லம் எல்லாம் இருக்கிறது. "இவ்வளவு தூரம் வந்துட்டு அருவி பாக்காமலா?" என்று தயவுசெய்து இழுக்காதீர்கள்.

4. ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஐம்பது வயது தாண்டிய ஒருவர். சுகர் உண்டு. குடும்பத்தோடு ஆகாய கங்கை போய்விட்டுப் பாதிப் படி ஏறும்போது நெஞ்சை அடைத்திருக்கிறது, உடம்பெல்லாம் வியர்வை. "கேஸ்தாங்க" என்று சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அரை மணி உட்கார்ந்துவிட்டு மறுபடி ஏறியிருக்கிறார். பிறகு காரில் 70 வளைவும் இறங்கி எங்களிடம் வந்தார்கள். இசிஜி எடுத்தால் மாரடைப்பு. வலி ஆரம்பித்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

அவர் பிழைத்தார். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் இறந்துபோன இதயத் தசை திரும்ப வராது. முன்பு போல அவரால் வேலை செய்ய முடியாது.

அவர் மனைவியிடம் கேட்டேன். "வர்ற வழியில செம்மேட்டுல கவர்மென்ட் ஆஸ்பத்திரி இருக்கேம்மா, அங்க ஏன் நிறுத்தலை?"

"அங்க ஆஸ்பத்திரி இருக்குன்னே எங்களுக்குத் தெரியாதே சார்."

அந்த அம்மாவின் போனில் அன்றைக்குப் போக வேண்டிய இடங்களின் லிஸ்ட் இருந்தது. வியூ பாயின்ட் வரிசை, ஓட்டல் பேர் எல்லாம் இருந்தது. வாசல் வழியாகவே தாண்டி வந்த ஆஸ்பத்திரி அதில் இல்லை. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? எந்த டூர் வீடியோவும் அதைக் காட்டுவதில்லை.

இப்போது தமிழ்நாட்டில் 'இதயம் காப்போம்' திட்டம் இருக்கிறது. 2023-ல் தொடங்கியது. மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் டோஸ் மாத்திரைகளைக் கொடுத்து மேலே அனுப்புவார்கள். ஆகவே நெஞ்சு அடைத்தால் சோடா தேடாதீர்கள், 108 கூப்பிடுங்கள் அல்லது பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சுகர் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் மூச்சிரைப்பாக, வியர்வையாக மட்டும்கூட மாரடைப்பு வரலாம்.

5. கிழங்கு சூப்பும் தேனும்

கோயில் பக்கம் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்பார்கள். மிளகு போட்டு, குளிருக்குச் சூடாக, நன்றாகவே இருக்கும். குடியுங்கள். ஆனால் ஒரு டம்ளர் சூப்பில் மூட்டுத் தேய்மானம் சரியாகிவிடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். மலைத்தேன் வாங்கலாம். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு மட்டும் நாக்கில்கூடத் தடவாதீர்கள்.

6. கழிப்பறை

யாரும் எழுதாத விஷயம். "வழியில பாத்ரூம் இருக்குமோ இருக்காதோ" என்று பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். ரெண்டு நாள் கழித்து நீர்க்கடுப்பு, காய்ச்சல் என்று ஓபி-க்கு வருவார்கள். தங்கும் விடுதி, சாப்பிடும் ஓட்டல், பேருந்து நிலையம் என்று எங்கே கழிப்பறை இருக்கிறது என்பதை முன்கூட்டியே விசாரித்து, அதை வைத்துப் பயணத்தைப் பிரியுங்கள். கூட வரும் ஆண்கள் இதைக் கேட்டு வைத்தால் புண்ணியமாகப் போகும்.

7. குரங்கு, பாம்பு

குரங்கு கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே தடுப்பூசி ஆரம்பியுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம் என்று தள்ளாதீர்கள். பாம்பு கடித்தால் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கும், இலவசம்.

8. அது அவங்க ஊர்

கடைசியாக, நான் உண்மையில் சொல்ல வந்தது இதுதான்.

வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு என்று அந்த மலை நாடு நாடாகப் பிரிந்திருக்கிறது. மலையாளி பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர்கள். உங்களுக்கு அது இரண்டு நாள் லீவு. அவர்களுக்கு ரேஷன் கடை, பள்ளிக்கூடம், பிரசவம் எல்லாமே அங்கேதான்.

நீங்கள் போட்டோ எடுக்க வளைவில் காரை நிறுத்தும்போது பின்னால் நிற்பது யார் என்று உங்களுக்குத் தெரியாது. சிக்கலான பிரசவம் என்றால் அந்தத் தாயைக் கீழேதான் அனுப்ப வேண்டும். ரத்தப்போக்கு இருக்கும் தாய்க்கு இருபது நிமிடம் என்பது பெரிய நேரம். டியூட்டியில் ஆம்புலன்ஸுக்காக வாசலில் காத்து நின்றவன் சொல்கிறேன். தாமதமாக வரும் வண்டியில் இருந்து "டூர் வண்டிங்க நின்னுடுச்சு சார்" என்று பைலட் சொல்வதைக் கேட்க நன்றாக இருக்காது.

ஆகவே வளைவில் நிறுத்தாதீர்கள். சைரன் கேட்டால் வளைவுக்கு முன்பே ஒதுங்குங்கள். அருவிக்கு மேலே மழை பெய்து வனத்துறை தடை போட்டிருந்தால் சண்டை போடாமல் திரும்புங்கள். நீங்கள் வழுக்கி விழுந்தால் போகப்போவது அந்த ஊருக்கான 108 வண்டிதான். குடித்துவிட்டுப் பாட்டிலைப் பாறையில் உடைக்காதீர்கள். மறுநாள் அதே பாறையில் வெறுங்காலோடு நடக்கப் போவது அந்த ஊர்ப் பிள்ளைகள்.

9. கிளம்பும் முன்

✅ பெட்ரோல், பணம்: கீழேயே, சேந்தமங்கலம் அல்லது காளப்பநாயக்கன்பட்டியில்
✅ தினசரி மாத்திரை: இரண்டு நாள் கூடுதலாக, ஹேண்ட்பேக்கில்
✅ ஓஆர்எஸ் பாக்கெட், பேண்டேஜ், டார்ச்
✅ மருந்து லிஸ்ட், பழைய இசிஜி: போனில் போட்டோவாக
✅ செம்மேடு அரசு மருத்துவமனை, நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை: மேப்பில் இப்போதே சேமித்துவிடுங்கள். மேலே சிக்னல் எல்லா இடத்திலும் இருக்காது

கொல்லிமலை இல்லை, ஏற்காடு, வால்பாறை, ஜவ்வாது மலை என்று எங்கே போனாலும் அருவியைத் தேடும்போதே இன்னொரு முறை தட்டுங்கள்: "பக்கத்தில் அரசு மருத்துவமனை". பத்து விநாடி வேலை.

சந்தேகம் இருந்தால் கமென்டில் கேளுங்கள். அப்பாவின் பிபி அளவைச் சொல்லிக் கேட்டால் இன்னும் நல்லது.

பத்திரமாகப் போய்ட்டு வாங்க. சோளக்காடு சந்தையில் பேரம் பேசாமல் ஒரு சீப்பு மலை வாழை வாங்கிட்டு வாங்க.