காலண்டர் குரங்கும் அஞ்சு ரூபாய் பிஸ்கட்டும்

2012-ம் வருஷம் ஜனவரி மாதம் கோயமுத்தூரில் நீங்கள் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தாலோ, டவுன்ஹால் பக்கம் ஏதாவது மெஸ்ஸில் டோக்கன் வாங்கியிருந்தாலோ, காந்திபுரத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை வாசலில் கால் கடுக்க நின்றிருந்தாலோ, என்னுடைய குரங்கைப் பார்த்திருக்க வாய்ப்பு உண்டு.

தப்பாக நினைக்க வேண்டாம். நான் எடுத்த குரங்குப் படத்தைச் சொன்னேன்.

அப்போது நான் ஒரு பம்ப்செட் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பிரிவில் இருந்தேன். பி.காம். படித்துவிட்டு வவுச்சர் எழுதிக்கொண்டிருக்கும் இருபத்து நாலு வயசுப் பையனுக்கு, வாழ்க்கையில் ஏதாவது ஒரு 'ஹாபி' இருந்தே ஆக வேண்டும் என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். 2010 தீபாவளி போனஸில் ஒரு கேனான் பவர்ஷாட் ஏ495 வாங்கினேன். சட்டைப் பையில் அடங்கும். பென்டார்ச் செல் இரண்டு போட்டால் வேலை செய்யும். செல் தீர்ந்தால் பெட்டிக்கடையிலேயே கிடைக்கும். பத்து மெகாபிக்ஸல். ஜூம் மூணேகால் மடங்குக்குக் கொஞ்சம் கூட.

இந்த மூணேகாலில்தான் என் கதையே இருக்கிறது.

எங்கள் குடும்பத்துக்கும் கேமராவுக்கும் ராசி கிடையாது. சின்ன வயசில் மாமா ஒரு தடவை எல்லோரையும் ஊட்டிக்கு அழைத்துப் போய், யாஷிகா கேமராவில் முப்பத்தாறு படமும் எடுத்தார். பாட்டி ரோஜாவோடு, அத்தை ஏரியோடு, நான் பஜ்ஜியோடு. திரும்பி வந்து ஸ்டூடியோவில் கொடுத்தால், "ஏனுங்க, ரோலு சுத்தவே இல்லீங்களே!" என்றார் கடைக்காரர். ஃபிலிமின் நுனி பல்சக்கரத்தில் மாட்டவேயில்லை. மாமா முப்பத்தாறு தடவையும் காற்றைத்தான் படம் எடுத்திருக்கிறார். அதுவும் எந்த ஊரில்? தூசியில்லாத குளிர்ந்த காற்று வேண்டும் என்று தேடிப்பிடித்து, மத்திய அரசு 1960-ல் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் கம்பெனியை ஆரம்பித்த ஊரில்! ஃபிலிம் செய்கிற ஊரிலேயே ஃபிலிம் சுற்றாத ஒரே மனிதர் எங்கள் மாமாதான். அந்தக் கம்பெனியும் பிறகு மூடப்பட்டுவிட்டது. அதற்கும் மாமாவுக்கும் சம்பந்தமில்லை.

எனவே டிஜிட்டல் கேமரா வந்ததும் நான் பழிதீர்ப்பது போலக் கிளிக்கித் தள்ளினேன். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சிங்காநல்லூர் குளம். கூழைக்கடா, நாமக்கோழி, நீர்க்காகம் எல்லாம் இருக்கும். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்தால் ஒரே தண்ணீர். நடுவில் நாலு கொசு. அம்மா எட்டிப்பார்த்து, "இதென்றா கண்ணு, லென்ஸ்ல அழுக்கா?" என்பாள். அது கூழைக்கடா.

பெரிய லென்ஸ் வைத்திருப்பவன் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு பறவையைப் பக்கத்தில் இழுத்துக்கொள்கிறான். சின்ன கேமராக்காரன் தானே பக்கத்தில் போக வேண்டும். போனால் பறவை பறந்துவிடும். வேறு வழி, அதைப் பக்கத்தில் வரவழைக்க வேண்டும். எப்படி வரவழைப்பது? இங்கேதான் மனுஷனுக்குப் புத்தி கோணலாக வேலை செய்கிறது.

2011 ஆயுத பூஜை லீவில் நானும் டிஸ்பாட்ச் செக்ஷன் நண்பனும் வால்பாறை போனோம். பொள்ளாச்சியில் பஸ் மாறி, ஆழியாறு தாண்டி, நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வ்யூ பாயின்ட்டைக் கடக்கும்போது, ரோட்டோரப் பாறையில் வரையாடு ஒன்று, பஸ் பாஸ் வைத்திருக்கும் ஆள் மாதிரி அலட்சியமாக நின்றிருந்தது. ஜன்னல் வழியே கிளிக்கினேன். முன்சீட்டுக்காரரின் குல்லாய் அருமையாக வந்திருந்தது.

வால்பாறைக்குச் சற்று முன்னால் புதுத்தோட்டம். தேயிலைக்கு நடுவே தீவு மாதிரி ஒரு துண்டுக் காடு. அங்கேதான் சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்கு இருக்கிறது. கன்னங்கரேலென்ற உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் சிங்கத்துக்கு இருப்பது போல ஒரு குஞ்சம். தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூன்று மாநிலத்து மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் காட்டில் கிடையாது. காட்டில் மொத்தமே சில ஆயிரம்தான். குட்டி போடுவதிலும் ஏக நிதானம். மரத்து உச்சியிலேயே பிறந்து, தின்று, தூங்கி வாழ வேண்டிய ஜாதி. ஆனால் இங்கே காடு துண்டாகிவிட்டதால், ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் போக ரோட்டில் இறங்கியாக வேண்டிய கட்டாயம்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், அறுபதடி உயரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. ஜூமை முழுக்க இழுத்தேன். கொஞ்சம் பெரிய கறுப்புப் புள்ளி.

நண்பன் பையிலிருந்து அஞ்சு ரூபாய் குளுகோஸ் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தான். குரங்குக்குத் தீனி போடாதீர்கள் என்ற போர்டு நாங்கள் நின்ற இடத்திலிருந்து பத்தடி தள்ளித்தான் இருந்தது. போர்டைப் படித்தோம். பிறகு பிஸ்கட்டை ரோட்டோரமாக வைத்தோம். இரண்டையும் ஒரே மூச்சில் செய்ய முடிகிறது பாருங்கள்.

மூணு நிமிஷம்கூட ஆகவில்லை. பெரிய ஆண் குரங்கு ஒன்று இறங்கி வந்து, நாலடி தூரத்தில் உட்கார்ந்து, என்னை நேருக்கு நேர் பார்த்தது. பிடரியில் காலை வெளிச்சம். கிளிக்.

படம் பிரமாதம். சத்தியமாகப் பிரமாதம்.

அந்த வருஷம் எங்கள் எம்.டி.க்கு ஒரு யோசனை. "வருஷா வருஷம் முருகரையே போடறோம். இந்தத் தடவை இயற்கைக் காட்சியாப் போடலாமுங்க. நம்ம ஸ்டாஃபே எடுத்த படமா இருக்கட்டும்" என்றார். என் குரங்கு ஜனவரிக்குத் தேர்வானது. டி.டி.பி. பையன் மட்டும் ஸ்கிரீனை உற்றுப் பார்த்து, "அண்ணா, கையில பிஸ்கட்டு தெரியுது. வெட்டிரலாங்களா?" என்றான். வெட்டிவிட்டோம்.

எம்.டி. ஐநூறு ரூபாய் கவரில் கொடுத்துக் கை குலுக்கினார். "எப்படிங்க எடுத்தீங்க?"

"பொறுமைதான் ஸார். மூணு மணி நேரம் காத்திருந்தேன்."

மூணு நிமிஷம் எப்படி மூணு மணி நேரமாயிற்று என்று எனக்கே தெரியவில்லை. ஒரு தடவை சொல்லிவிட்டால் அப்புறம் நாக்கு தானாகச் சொல்கிறது. சலூனில் சொன்னேன், மெஸ்ஸில் சொன்னேன். பெண் பார்க்கப் போன இடத்தில் அந்த வீட்டுச் சுவரிலேயே காலண்டர் தொங்கியது. அங்கே நாலு மணி நேரமாக்கிச் சொன்னேன்.

மார்ச்சில் மறுபடி வால்பாறை போனேன், இந்தத் தடவை தனியாக. காலண்டர் ஒன்றைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தேன். யாரிடம் காட்டப்போகிறேன் என்று யோசிக்கவில்லை. புதுத்தோட்டத்தில் ரோட்டோரமாக நாலைந்து பேர் கும்பலாக நின்றிருந்தார்கள். நடுவே தார் ரோட்டில் ஒரு சோலைமந்தி கிடந்தது. பெண். ஏதோ வண்டி அடித்துவிட்டுப் போயிருக்கிறது. சற்றுத் தள்ளி, பிஸ்கட் பாக்கெட்டின் காகிதம்.

அங்கே கண்காணிப்பு வேலையில் இருந்த ஓர் உள்ளூர்ப் பெரியவர், வண்டிகளுக்குக் கை காட்டி மெதுவாகப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். மைசூரில் இருக்கும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்காரர்கள் இந்தக் குரங்குகளுக்காக மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருப்பதையும், ரோட்டில் ஆள் நிறுத்துவதையும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

"பாலம் இருந்துமா கீழ எறங்குது?" என்றேன்.

"கடக்கறதுக்கு மேல போயிருமுங்க தம்பி. திங்கறதுக்குத்தான் கீழ எறங்குது. காருக்காரங்க படம் புடிக்கோணும்னு எதையாச்சும் போடறாங்க. அப்புறம் எந்த வண்டி நின்னாலும் நம்மளுக்குத்தான்னு ஓடி வருது. எல்லா வண்டியும் நிக்குமுங்களா?" என்றவர், என் கையைப் பார்த்து, "அதென்னங்க காலண்டரு?" என்றார்.

"சும்மாங்க" என்றேன்.

அதை வால்பாறை பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் விட்டுவிட்டு வந்தேன். ஊரில் மற்றதை எல்லாம் அப்படி விட முடியவில்லை. பிப்ரவரிக்குக் கிழித்திருப்பார்கள் என்று பார்த்தால், எங்கள் ஆட்களுக்கு நல்ல படம் கிடைத்தால் தாளைக் கிழிக்க மனசு வராது. டிசம்பர் வரை பல கடைகளில் ஜனவரியே தொங்கியது. பரிவர்த்தனை ஒன்று நடந்தால் இரண்டு கணக்கில் பதிவு விழ வேண்டும் என்று முதல் வருஷ பி.காமிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். ஐநூறு ரூபாயை வரவு வைத்தவன் எதிர்ப் பதிவைப் போடாமல் இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மா. கிருஷ்ணன் எழுதிய 'மழைக்காலமும் குயிலோசையும்' கிடைத்தது. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய மாதவையாவின் மகன். 1950 முதல் 1996-ல் இறக்கும் வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதியவர். அங்கங்கே கிடைத்த பாகங்களைச் சேர்த்துத் தானே கட்டிக்கொண்ட கேமராவுக்கு 'சூப்பர் பான்டரோசா' என்று பெயர் வைத்து, காட்டில் நடந்து நடந்து கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்திருக்கிறார். என் கேமரா சின்னது என்பதுதான் அதுவரை என் சாக்காக இருந்தது. அதுவும் போச்சு.

கேமராவை விற்கவில்லை. அதில் பூ அடையாளம் போட்ட பட்டன் ஒன்று உண்டு. அமுக்கினால் மிகக் கிட்டத்தில் இருப்பது துல்லியமாக விழும். சிங்காநல்லூர் குளத்தைப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக மாநகராட்சி 2017-ல் அறிவித்தபோது, என்னிடம் அந்தக் கரையின் தட்டான்கள், சிலந்திகள், எறும்புகள் படம் நானூறுக்கு மேல் இருந்தது. தட்டானுக்குப் பிஸ்கட் தேவையில்லை. காலையில் இறக்கை காயும்வரை அசையாது. காலண்டருக்கு யாரும் கேட்கவில்லை.

போன மாதம் பழைய ஆபீஸ் பையன் ஒருவன் போன் செய்தான். வால்பாறை போகிறானாம். "அண்ணா, அந்தக் காலண்டர் குரங்கு... எப்படிண்ணா எடுத்தீங்க?"

வாய் வரை வந்தது அந்த மூணு மணி நேரம். பிறகு பிஸ்கட்டிலிருந்து ஆரம்பித்து, தார் ரோடு வரைக்கும் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "செரிங்ணா" என்று வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. மொபைலில் எடுத்தது. முழுக்க இலை. வலது மூலையில் என்னவோ கறுப்பாகத் தொங்குகிறது. பெரிதாக்கிப் பார்த்து, அது சோலைமந்தியின் வால் என்று அவனுக்கு எழுதினேன். காய்ந்த கிளை என்கிறான் அவன். இன்னும் முடிவாகவில்லை.