விசில் அடங்கட்டும்

ஆம்பூரிலிருந்து வேலூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை அங்கே டயாலிசிஸ். மே மாத வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அந்த வெயிலில் என்ஜின் சூடேறி நெடுஞ்சாலையில் வண்டி நின்றால், பின்சீட்டில் இருக்கும் அம்மாவின் கதி என்ன? ரேடியேட்டரை நான் தெரிந்துகொண்டது இந்தக் கவலையால்தான்.

கார் என் பெயரில் இருக்கிறது. ஓட்டுவது நான். ஷூ கம்பெனிச் சம்பளத்தில் தவணை கட்டுவதும் நான். ஆனாலும் கூலண்ட் ஏன் குறைகிறது என்று ஓர் ஒர்க்ஷாப்பில் கேட்டபோது, "வீட்ல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா வரச்சொல்லும்மா, அவங்ககிட்ட சொல்றேன்" என்றார் மெக்கானிக். ஆண்களிடம் மட்டுமே சொல்லக்கூடிய அந்த ரகசியம் என்னவென்று வண்டியோடு வந்த கையேட்டைப் படித்தேன். பாதி எனக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்.

ரேடியேட்டரும் ஒருவகைக் குக்கரே. மூடிய பாத்திரத்தில் அழுத்தம் கூடினால் தண்ணீர் 100 டிகிரியிலும் கொதிக்காது. மூடியின் ரப்பர் வளையம் நைந்தால் அழுத்தம் நிற்காது. கூலண்ட் சீக்கிரமே கொதித்து வெளியேறும். குக்கர் கேஸ்கட் தளர்ந்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரஷர் அடங்குமுன் திறக்கக் கூடாது என்பது சிறுவயதுப் பாடம். சூடான ரேடியேட்டர் மூடிக்கும் அதே பாடம்தான்.

உப்பும் நமக்குப் பழக்கம். தோல் ஷாப்புக் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த கதை உச்ச நீதிமன்றம்வரை போனது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று 1996இல் தீர்ப்பு வந்தது. எங்கள் போர் தண்ணீர் பாத்திரத்தில் விடும் வெள்ளைப் படிவு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். உப்பு உலோகத்தை அரிக்கும். எனவே கலந்தே விற்கும் கூலண்டை ஊற்றுங்கள். கெட்டியான கூலண்ட் என்றால், டப்பாவில் சொன்ன அளவில் பேட்டரி தண்ணீர் சேருங்கள். பெரும்பாலும் பாதிக்குப் பாதி.

காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது, தொட்டியில் இரண்டு கோடுகளுக்கு நடுவே கூலண்ட் நிற்கிறதா என்று பாருங்கள். ரப்பர் குழாய்களை அமுக்கிப் பாருங்கள். வெடிப்போ வீக்கமோ இருந்தால் மாற்ற வேண்டும். வண்டிக்கடியில் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ சொட்டியிருந்தால் கசிவு. கசிவே தெரியாமல் அளவு குறைந்துகொண்டே போனால் ஒர்க்ஷாப்புக்குப் போகத்தான் வேண்டும். வழியில் வெப்பமுள் ஏறினால் ஏசியை அணைத்து, ஓரங்கட்டி, என்ஜினை நிறுத்துங்கள். அரைமணி நேரமாவது பொறுங்கள். பழைய கூலண்டைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். இனிப்பாக இருக்கும் விஷம் அது. குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் எட்டக் கூடாது.

1888இல் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களோடு 100 கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டிப் போனார். என்ஜின் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருந்தது, வழியெல்லாம் நிரப்பினார். அடைத்த எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார். காரின் முதல் நெடும்பயணமே ஒரு பெண்ணின் பராமரிப்பில்தான் ஓடியது.

சமையலறையைப் போற்ற இதைச் சொல்லவில்லை. ஒரே அறிவு அடுப்படியில் இருந்தால் கைப்பக்குவம், பானெட்டுக்குள் இருந்தால் தொழில்நுட்பம் என்று பெயர் மாறுகிறது, கூலியும் மாறுகிறது. எங்கள் கம்பெனியிலும் தையல் மெஷின்முன் பெரும்பாலும் பெண்கள். ஸ்பேனரோடு வருபவர் ஆண்.

அடுத்த முறை அதே ஒர்க்ஷாப்பில், "மூடியை மாத்துங்க, பழசை என்கிட்ட குடுங்க" என்றேன். என்னைப் பார்த்தே விலை சொன்னார். இதைக் கேட்டு, எங்கள் லைனில் ஒரு தங்கை, "எனக்கும் காட்டுங்கக்கா" என்றாள். ஞாயிறு காலை 7 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன், என்ஜின் ஆறியிருக்கும்.