முதலில் பூச்சி, பிறகு மருந்து

"இன்னும் கொஞ்சம் ஸ்ட்ராங்கா அடிங்க சார்!" பூச்சிக் கட்டுப்பாட்டு வேலையில் எந்த வீட்டுக்குப் போனாலும் கேட்கிற வார்த்தை இது. அந்த வேண்டுகோளை நான் ஏற்பதில்லை. போன முறை கரப்பான் சாகவில்லை என்றால், பெரும்பாலும் மருந்தின் அளவு குறைந்ததால் அல்ல. அந்த மருந்தைத் தாங்குகிற கரப்பான்கள் அங்கே ஏற்கெனவே இருந்ததால்தான்.

சாக்கடை வழியாக ஏறிவரும் பெரிய சிவப்புக் கரப்பான் வேறு. நான் சொல்வது மிக்ஸிக்கு அடியிலும் ஃப்ரிட்ஜ் மோட்டார் பக்கத்திலும் அலமாரிக் கீல் இடுக்கிலும் குடியிருக்கும் சின்னக் கரப்பான். தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு இருக்கும். பெயர் ஜெர்மன் கரப்பான். பூர்வீகமோ நம் பக்கம்தான். ஏறத்தாழ 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியான்மர் பகுதியில் ஆசியக் கரப்பானிலிருந்து இது கிளைத்தது என்று 2024-ல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. பெண் கரப்பான், முட்டைக்கூடு பொரியும் தறுவாய் வரை அதைச் சுமந்தே திரியும். ஒரு கூட்டில் 30, 40 முட்டைகள் இருக்கும்.

மருந்துக்குப் பூச்சி பழகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். தனி ஒரு கரப்பான் அப்படிப் பழகுவதில்லை. கூட்டத்தில் சிலவற்றின் உடலில் விஷத்தைச் சிதைக்கும் நொதிகள் பிறவியிலேயே அதிகம். சிலவற்றின் நரம்பில், சைபர்மெத்ரின் போன்ற மருந்து பற்றிக்கொள்ளும் இடமே மாறியிருக்கும். மற்றவை செத்துவிட, இவை பிழைத்துப் பெருகும். அதே மருந்தை மறுபடி அடிக்கும்போது, தாங்குகிற வம்சத்தை நாமே பொறுக்கி வளர்க்கிறோம். அமெரிக்காவில் 1950களின் தொடக்கத்திலேயே குளோர்டேன் மருந்து இப்படித்தான் தோற்றது.

பூச்சியின் நாக்குகூட மாறும். இனிப்பு கலந்த விஷத் தீனியைத் தொடாத கரப்பான்களை ஜூல்ஸ் சில்வர்மேன் ஆராய்ந்து, அவை குளுக்கோஸை வெறுப்பதை 1993-ல் வெளியிட்டார். அவற்றுக்குக் குளுக்கோஸ் கசப்பை உணரும் நரம்பைத் தூண்டுகிறது என்பது 2013-ல் தெரிந்தது. அப்படிப்பட்ட கரப்பான்கள் உள்ள வீட்டில் குளுக்கோஸ் கலந்த விஷ ஜெல் எவ்வளவு வைத்தாலும் வீண்.

மருந்தை மாதாமாதம் மாற்றினால் போதும் என்பார்கள். பர்டூ பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஷார்ஃப் குழு அதை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஆறு மாதம் சோதித்தது. மூன்று மருந்துகளை மாற்றி மாற்றி அடித்த இடத்தில் எண்ணிக்கை ஏறவில்லை, இறங்கவும் இல்லை. இரண்டைக் கலந்து அடித்த இடத்தில் பூச்சி பெருகியது. கரப்பான்களிடம் எதிர்ப்பு மிகக் குறைவாக இருந்த ஒரே மருந்தைத் தேர்ந்து வைத்த இடத்தில் ஏறக்குறைய ஒழிந்தே போனது. ஆனால் தொடக்கத்தில் சுமார் 10 சதவீத எதிர்ப்பு இருந்த இடத்தில், ஒற்றை மருந்து தோற்றது. 2019-ல் இந்த முடிவுகள் வெளியாயின.

முதலில் எதிர்ப்பைச் சோதித்துவிட்டு மருந்தைத் தேர்வதுதான் என் வேலைமுறையும். உள்விளிம்பில் வாசலின் தடவிய கண்ணாடி ஜாடியில், இரவில் ரொட்டித் துண்டு போட்டுச் சில கரப்பான்களை உயிரோடு பிடிப்பேன். வைக்கப்போகும் ஜெல்லை அவற்றுக்குக் கொடுத்து, தின்கின்றனவா, சாகின்றனவா என்று காத்திருந்து பார்ப்பேன். பிறகே கீல்களிலும் இடுக்குகளிலும் சின்னச் சின்னப் பொட்டாக வைப்பேன். ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடிக்க விடமாட்டேன். அந்த வாடை பட்டால் கரப்பான் ஜெல்லை அண்டாது. ஒட்டு அட்டைகளை வைத்துவிட்டு வந்து, எண்ணிக்கை இறங்குகிறதா என்று அடுத்த முறை பார்ப்பேன். இதற்குப் பொறுமை வேண்டும். ஆனால் குழந்தைகள் தவழும் வீட்டில் வீணாக விஷம் தெளிக்காமல் இருக்க வேறு வழி இல்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மருந்து அடிக்க வருபவரிடம் வீரியத்தைக் கூட்டச் சொல்லாதீர்கள். மருந்தின் பெயரைக் கேட்டுத் தேதியோடு குறித்து வையுங்கள். அடுத்து வருபவரிடம் அந்தக் குறிப்பைக் காட்டுங்கள். இரவில் சிங்க்கைத் துடைத்து உலர விடுங்கள், குப்பையை வெளியே வையுங்கள், குழாய்க் கசிவை அடைத்துவிடுங்கள். தண்ணீரும் தீனியும் இல்லாத நிலையை எதிர்த்து நிற்கும் கரப்பான் வம்சம் எதுவும் இல்லை.