செவிலியும் தோழியும்

சங்க அகப்பாடல்களில் தலைவியின் மெலிவை முதலில் காண்பவள் செவிலி. உண்ணாமை, உறங்காமை எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் கண்டபின் கட்டுவிச்சியிடம் குறி கேட்கிறாள். வேலனை அழைத்து வெறியாட்டு எடுக்கிறாள். நோயின் காரணம் தோழிக்குத்தான் தெரியும். உடனிருந்து கேட்டவள் அவள்.

மனச்சிதைவு நோய் கண்ட சித்தப்பா மயிலாப்பூரில் நம் வீட்டோடு தங்க வந்தபோது, வேலனைத் தேடச் சொன்ன உறவினர் பலர். 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடித் தனியார் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டதை அவர்கள் மறந்திருக்கலாம், நம்மால் இயலவில்லை. (சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் வெளிப்படையாகவே தடைசெய்கிறது.)

நமக்குக் கற்பித்தவர் மனநலச் செவிலியர் ஒருவர். குரல்கள் கேட்பதாக அவர் சொன்னால் மறுக்காதீர்கள், ஆமோதிக்கவும் செய்யாதீர்கள் என்றார். "எனக்குக் கேட்கவில்லை சித்தப்பா. உங்களுக்குப் பயமாயிருக்கிறதா?" இந்த இரண்டு வாக்கியங்களை இயல்பாகச் சொல்ல நமக்கு ஒரு மாதம் பிடித்தது. தமிழ் படித்த வாய்க்கு வாதம் செய்வதே பழக்கம்!

உட்கார முடியாமல் கூடத்தில் நடந்துகொண்டேயிருப்பது பிடிவாதமன்று, நோயின் தீவிரமாகவும் இருக்க வேண்டியதில்லை. மருந்தின் விளைவாகவும் இருக்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள் என்றார். உறங்கிய மணிகளை நாள்தோறும் குறிக்கச் சொன்னார். உறக்கம் குறைவது நோய் திரும்புவதன் முன்னறிவிப்பாகலாம். அறுபத்துமூவர் திருவிழா நெருங்கினால் நாமே முந்திக்கொண்டு அவரை அடையாற்று அத்தை வீட்டுக்கு அழைத்துப் போய்விடுகிறோம். மாடவீதி இரைச்சல் அவருக்கு ஒவ்வாது.

1961இல் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளரான சாரதா மேனன், 1984இல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தோற்றுவித்தார். மருந்தோடு மறுவாழ்வும் வேண்டும் என்பதே அதன் அடிப்படை. மறுவாழ்வு என்ற சொல் பெரிதாக ஒலிக்கிறது. நம் வீட்டில் அது கீரைக்கட்டு அளவுதான்.

தெற்கு மாடவீதிக்குத் தானே போய்க் கீரை வாங்கிவருவதாகச் சித்தப்பா ஒருநாள் சொன்னார். அனுப்புங்கள் என்றார் செவிலியர். விலகி நிற்பதும் பணிவிடையில் சேர்த்தி என்றார். முதல் வாரம் அவரறியாமல் தெருமுனைவரை பின்சென்றோம். இப்போது செல்வதில்லை. எட்டரைக்குள் திரும்பிவிடுகிறார். மீதிச் சில்லறை மட்டும் ஒருநாளும் சரியாக இருப்பதில்லை, நாமும் கேட்பதில்லை.