எழுநூறு பேர்

பண்டைய கிரேக்கப் போர் என்றதும் பலருக்குத் தெர்மோபிலேதான் நினைவுக்கு வரும். எல்லாம் சினிமா செய்த வேலை. அங்கே சிறுபடை தோற்றது. ஜெயித்த சிறுபடைக்கு அத்தனை புகழ் இல்லை. எனக்கோ கி.மு. 371இல் நடந்த லியூக்ட்ரா போர்மீதுதான் ஈர்ப்பு.

தீப்ஸ் தரப்பில் ஆறேழாயிரம் பேர். எதிரே மன்னன் கிளியோம்பிரோட்டஸின் கீழ் ஸ்பார்ட்டாவும் அதன் கூட்டாளிகளும், சுமார் 10,000 பேர்.

கிரேக்க வீரன் இடக்கையில் ஏந்தும் கேடயம் அவனுடைய இடப்பக்கத்தைத்தான் முழுதாக மறைக்கும். வலப்பக்கத்துக்கு அடுத்தவன் கேடயமே கதி. அணியின் வலக்கோடியில் நிற்பவனுக்கு அதுவும் கிடையாது. ஆகவே தேர்ந்த வீரர்களை அங்கே நிறுத்துவது மரபு. இரு தரப்பும் இப்படிச் செய்தால், ஒருவரின் சிறந்த வீரர்கள் மற்றவரின் சுமாரான ஆட்களோடுதான் மோதுவார்கள். எத்தனை சௌகரியமான ஏற்பாடு!

தீப்ஸின் தளபதி எபமினோண்டஸ் இதைக் கலைத்தார். ஸ்பார்ட்டா 12 வரிசையாக நின்றது. அவர் தன் இடக்கோடியில் 50 வரிசை அடுக்கினார். பெலோப்பிடாஸின் 300 பேர் கொண்ட புனித அணியும் அந்தப் பக்கமே. மற்றவர்களை மெலிதாக நிறுத்தி, பின்தங்கி வரச் சொன்னார்.

அவர் குறி வைத்தது அத்தனை பேரையும் அல்ல. அந்தப் பெரும்படையில் அசல் ஸ்பார்ட்டாக் குடிமக்கள் 700 பேர்தான். கூட்டாளிகள் வேண்டாவெறுப்பாக வந்தவர்கள். அந்த எழுநூறில் சுமார் 400 பேர் மாண்டார்கள், மன்னனும் விழுந்தான். மற்றவர்கள் கை கலப்பதற்குள் போர் முடிந்துவிட்டது. உண்மையில் ஆள் பஞ்சம் யாருக்கு?

செனபோன் எழுதிய வரலாற்றில் இந்தப் போர் விவரமாக இருக்கிறது. ஸ்பார்ட்டாவின் நண்பர் அவர். மதியம் ஸ்பார்ட்டாக்காரர்கள் குடித்த மதுவைக்கூடச் சொல்பவர், போர் வர்ணனையில் எபமினோண்டஸின் பெயரைச் சொல்லவில்லை. மறதி என்று நான் நம்பத் தயாரில்லை.

கி.மு. 370-369 குளிர்காலத்தில் எபமினோண்டஸ் ஸ்பார்ட்டாவின் சொந்த மண்ணுக்குள் நுழைந்தார். தலைமுறை தலைமுறையாக அடிமைப்பட்டிருந்த மெசீனியர்களுக்கு கி.மு. 369இல் மெசீனி என்ற நகரம் எழுந்தது. ஸ்பார்ட்டாக்காரன் ஏர் பிடிக்காமல் ஈட்டி பிடித்துப் பழகியதே அவர்கள் விளைவித்த தானியத்தில்தான்.